‘ஒருநாள் கொடைக்கானல்’ என்பதில் நாள் எத்தனை?

சங்கரன்கோவிலிலிருந்து வேன் பிடித்துக் கொடைக்கானல் போய்வருவதை ஊரில் எல்லோரும் ‘ஒருநாள் டூர்’ என்றே சொல்கிறார்கள். வேன் சனிக்கிழமை இரவு 11 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். (பத்து மணிக்கே தயாராக இருக்கச் சொல்லியிருப்பார்கள், பதினொன்றுதான் நடைமுறை.) ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, வத்தலக்குண்டு என்று 200 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. மலையேறி ஏரிக்கரையில் இறங்கும்போது ஞாயிறு விடிந்திருக்கும். சாயங்காலம் இறங்கத் தொடங்கினால், திங்கள் அதிகாலை 2 மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆக மொத்தம் 27 மணி நேரம். நாழிகையில் சொன்னால் 67½. நாளொன்றுக்கு 60 நாழிகைதான் என்பதால் 7½ நாழிகை உபரியாக நிற்கிறது. நள்ளிரவில் தேதி மாறும் ஆங்கிலக் கணக்கில் இந்தப் பயணம் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று தேதிகளைத் தொடுகிறது. சூரிய உதயத்தில் கிழமை மாறும் பஞ்சாங்கக் கணக்கில் இரண்டு. எந்தக் கணக்கைப் போட்டாலும் ஒன்று வரவில்லை. ஆனால் வேனில் ஏறிய ஒருவர்கூட ‘ஒருநாள் என்று சொல்லி மூன்று நாள் ஆக்கிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போவதில்லை. விசைத்தறியில் மீட்டர் கணக்கும், பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கும் பார்த்துப் பழகிய ஊர் அது. தலைக்கு எவ்வளவு என்பதில் பத்து ரூபாய் பிசகினால் விடமாட்டார்கள். ஆகவே பிழை கூட்டலில் இருக்க வாய்ப்பில்லை. ‘நாள்’ என்ற சொல்லை அவர்கள் வேறு ஏதோ கோலால் அளக்கிறார்கள். அந்தக் கோல் எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரவு நாள் கணக்கில் சேராது, பகல் மட்டுமே நாள் என்பார் உளர். பகலில் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் பழந்தமிழர் பிரித்தே சொன்னார்கள் என்பது இவர்களுடைய சான்று. அதன்படி சனி இரவும் ஞாயிறு இரவும் ‘அல்’, நடுவே இருக்கும் ஞாயிற்றுப் பகல் ஒன்றே ‘நாள்’, கணக்கு நேராகிவிட்டது. கேட்க அழகாக இருக்கிறது. மேலும் தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குரிய சிறுபொழுதாக யாமத்தைச் சொல்வதால், மலைக்குப் போகிற வேன் நடுயாமத்தில் கிளம்புவது இலக்கண வழுவாகாது என்றும் இவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். வேனில் நீல விளக்கு எரிய, குத்துப்பாட்டு ஓடும் அந்த யாமம் தொல்காப்பியர் கருதியதுதானா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பகற்கட்சியை வீழ்த்தும் சான்று கல்யாண வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டிக்குப் போய், இரவு மண்டபத்தில் படுத்து, ஞாயிறு காலை முகூர்த்தம் பார்த்து, மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பிய குடும்பத்தைக் கேளுங்கள். ‘ரெண்டு நாளா ஊர்ல இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தோம்’ என்பார்கள். ஒரே பகல், மொத்தம் 24 மணி நேரம்கூட ஆகவில்லை. அது இரண்டு நாளாம், 27 மணி நேரம் ஒருநாளாம்.

இரண்டையும் ஒரே விதியில் அடக்க வழி உண்டு. கல்யாணத்துக்குப் போனவர்கள் வெளியூரில் பாய் விரித்துப் படுத்தார்கள். கொடைக்கானல் போனவர்கள் படுக்கவில்லை. ஆகவே சங்கரன்கோவில் வழக்கில் ஒருநாள் என்பது, சொந்த வீட்டுப் பாயிலிருந்து எழுந்ததற்கும் அடுத்தமுறை எங்காவது ஒரு பாயில் முதுகு படுவதற்கும் இடைப்பட்ட காலம். எழுந்தது சனிக்கிழமை காலை என்பதால் நாளின் நீளம் உண்மையில் 27 மணியையும் தாண்டுகிறது. அதனால் கோட்பாட்டுக்குச் சேதமில்லை. பாய் என்றது உபலட்சணம். பத்தமடைப் பாய் முதல் மண்டபத்து ஜமக்காளம், லாட்ஜ் மெத்தை வரை அனைத்தும் அதில் அடங்கும். இவ்விதிக்கு அரசு ஆவணத்திலேயே ஆதரவு கிடைக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. எந்த வண்டி, எத்தனை பேர் என்பதோடு, உடனே திரும்புகிறவர்களா தங்குகிறவர்களா என்பதும் அதில் தெரிந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. எத்தனை நாழிகை என்ற கேள்வி எழவில்லை. தங்கலா, இல்லையா என்பதே பிரிவினை. நீதிமன்றமும் பாயைத்தான் அளந்திருக்கிறது.

ஊரின் சரித்திரமும் இதற்குத் துணை நிற்கிறது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதாவது, முதலில் படுக்க இடம், மற்றதெல்லாம் பிறகு. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து ஏரி உண்டாக்கியது 1863-இல். லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் நடைபாதை போட்டது 1872-இல். வண்டிப்பாதை வருவதற்கு முன்பு டோலியிலும் குதிரையிலும் ஏறியவர்கள், ஏறிய அலுப்புத் தீரவே சில நாள் வேண்டும் என்று கோடை முழுக்கத் தங்கினார்கள். 1916-இல் லாஸ் காட் சாலை திறந்த பிறகுதான் பாய் இல்லாத கொடைக்கானல் சாத்தியமாயிற்று. மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் மாலைதோறும் உலாவுவதற்கென்று போட்ட ஒரு கிலோமீட்டர் பாதையை நம் ஆட்கள் கால்மணி நேரத்தில், மஃப்ளரோடும் மாங்காய்ப் பத்தையோடும், ‘அடுத்த பாயின்ட் எது?’ என்று கேட்டபடி முடித்துவிடுகிறார்கள். கோக்கர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனித் தடைகள். இவ்வளவு கஷ்டம் எதற்கு, 50 கிலோமீட்டருக்குள் குற்றாலம் இருக்கிறதே என்பது முதலாவது. அது ஆய்வுக்கு வெளியே உள்ளது. குற்றாலத்துக்கு யாரும் டூர் போவதில்லை, குளிக்கப் போகிறார்கள். நாளைச் சூரியனை வைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கென்று 1899-இல் தொடங்கிய வான் ஆய்வகமே கொடைக்கானலில் இருக்கிறது என்பது இரண்டாவது. சூரியன் தன் நடுவரையில் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் கணக்கில் சுமார் 25 நாள் ஆகிறது. அந்த அளவுகோலை எடுத்தால் டூர்க்காரர்கள் சொன்னதில் பெரும்பகுதியை நமக்குத் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்றாகும், வீண் வம்பு. மூன்றாவதே வலுவான தடை: வேனில் எல்லோரும் தூங்குகிறார்களே? தூங்குகிறார்கள், மறுக்கவில்லை. வாய் பிளந்து, பக்கத்து ஆளின் தோளில் தலை சாய்த்து, வத்தலக்குண்டு டீக்கடையில் வண்டி நிற்பதுகூடத் தெரியாமல் தூங்குகிறார்கள். (ராஜமய்யரும் சி.சு. செல்லப்பாவும் பிறந்த ஊர் அது. டூர்க்காரர்களுக்கு அது கடைசிப் பாத்ரூம்.) உட்கார்ந்த தூக்கம் தூக்கம்தான், ராத்திரி ஆகாது. ரயில் பெர்த்தில் நீட்டிப் படுக்கலாமே, பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் மறுநாள் பொதிகையிலேயே திரும்புவதையும் ‘ஒருநாள்ல போயிட்டு வந்துட்டேன்’ என்கிறார்களே என்றால், அங்கே விதி கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. ‘அசையாத தரையில் விரித்த பாய்’ என்று திருத்திக்கொள்கிறேன்.

திருத்திய கையோடு ஏரிக்கரையில் புதிய சிக்கல் முளைக்கிறது. மதியம் ஒன்றரை மணி. சனிக்கிழமை சாயங்காலமே கிளறி, நல்லெண்ணெய் மினுமினுக்க வாட்டிய வாழையிலையில் மடித்த புளிச்சோற்றுப் பொட்டலங்கள் வெளியே வருகின்றன. 17 மணி நேரம் அமுங்கிக் கிடந்ததில் சோறு இலையின் நரம்பு பதிந்து கட்டியாக நிற்கிறது. இலை வாசனை ஏறியிருக்கிறது. ஓரத்தில் தேங்காய்த் துவையல் இருந்தால் அது கெட்டிருக்கும், பருப்புத் துவையல் என்றால் பிழைத்திருக்கும். அந்தக் குளிரில் அதைத் தின்றவர்களில் நாலைந்து ஆண்கள் தோள் துண்டை உதறி அசையாத தரையில் விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்துச் சாய்கிறார்கள். விதிப்படி அவர்களுக்கு இந்த நொடியிலிருந்து இரண்டாம் நாள் தொடங்கிவிட வேண்டும். துண்டு பாயாகுமா என்பதில் எனக்கே உறுதி இல்லை. தலையணை வீட்டிலிருந்து வராததால் ஆகாது என்றே இப்போதைக்குக் கொள்கிறேன்.

ஆனால் ஓட்டுநர் விஷயத்தில் ஐயமே இல்லை. ஆட்களை இறக்கிவிட்டதும் அவர் நின்ற வேனின் நீளமான கடைசி இருக்கையில், வீட்டிலிருந்து எடுத்துவந்த தலையணையோடும் கம்பளியோடும், காலை நீட்டிப் படுத்துவிடுகிறார். வண்டி அசையவில்லை, தலையணை சொந்தம். திங்கள் அதிகாலை 2 மணிக்குச் சங்கரன்கோவிலில் வேனை நிறுத்திவிட்டு அவர் இரண்டு நாள் பேட்டா கேட்பதும், ‘ஒருநாள் டூருக்கு எதுக்குண்ணே ரெண்டு பேட்டா?’ என்று பணம் வசூலித்தவர் வாதாடுவதும் இதனால்தான். இருவர் சொல்வதும் சரி. அவர் படுத்தார், இவர்கள் படுக்கவில்லை.