கொடிக்கம்புக்கு உள்ள கவனிப்பு

கால்பந்து மைதானத்தின் மூலையில் நடும் கொடிக்கம்பு ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. நுனி கூராக இருக்கக் கூடாது. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எல்லாம் ஆட்டச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. குச்சிக்கு இவ்வளவு கவனிப்பு!

கடலோரப் பெரியபட்டினம் பக்கம் டோர்னமெண்ட் நடத்தும் பெரியவர்களும் கண்டிப்பில் சளைத்தவர்கள் இல்லை. பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டி என்றால் ஆதார் அட்டை வேண்டும், பள்ளிக்கூடச் சான்று வேண்டும். மீசை கொஞ்சம் முந்தி அரும்பிவிட்ட பையன் தொலைந்தான். அவனை ஓரமாக நிறுத்தி ஒரு விசாரணைக் கமிஷனே நடக்கும். பக்கத்தில் விசிலோடு நிற்பவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கேட்க மாட்டார்கள். “நம்ம கோச்சுதானே காக்கா!” அவ்வளவுதான், சரிபார்ப்பு முடிந்தது.

பையனின் வாப்பா சவூதியில். பூட்ஸ் வாங்கித் தருவது, வெளியூர் மேட்சுக்கு வேனில் ஏற்றிப் போவது, ராத்திரி யார் எந்த அறையில் படுப்பது என்று சொல்வது, டீமில் இடம் கொடுப்பது, பிடிக்காவிட்டால் பிடுங்குவது, அத்தனையும் ஒரே ஆள். பெரும்பாலான கோச்சுகள் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்களின் நிழலில்தான் கெட்டவன் ஒதுங்குகிறான்.

சின்ன ஊர்க் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பாவுக்கு ஆடப் போனது. அணியின் சிறுமி ஒருத்தி தொடர்பாக உதவிப் பயிற்சியாளர் மீது பாலியல் குற்றச்சாட்டு எழுந்தது. அவரை நீக்கினார்கள், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கும் வந்தது. அடுத்த மாதமே உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா கொதித்தெழுந்து இந்தியக் கால்பந்துக்கே தடை விதித்தது. சபாஷ் என்று எழுந்து நின்றுவிடாதீர்கள். கோபம் அந்தச் சிறுமிக்காக அல்ல; இந்தியக் கால்பந்து சம்மேளன நிர்வாகத்தில் மூன்றாம் தரப்பு மூக்கை நுழைத்துவிட்டதாம்! நாற்காலியை வெளியாள் தொட்டால் நாடே விளையாடக் கூடாது. பிள்ளையைத் தொட்டால்? அது உள்விவகாரம். பதினோராவது நாள் தடை நீங்கியது, அக்டோபரில் அதே வயதுப் பெண்களுக்கான உலகக்கோப்பையை இங்கேயே வாணவேடிக்கையோடு நடத்தி முடித்தோம்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. பிள்ளைகளோடு புழங்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைப் பற்றிக் காவல்துறையிடம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020-இன் போக்சோ விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் விளையாட்டு அகாடமிகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. “போலீஸ் சர்டிபிகேட்டா? அதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கரையில் அந்தச் சான்றிதழ் தெரியாத வீடு உண்டா? குவைத்தில் அரபி வீட்டுக் காரை ஓட்டப் போகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார். அரபியின் காருக்கு உள்ள மதிப்பு நம் பிள்ளைக்குக் கிடையாது.

இதையும் மீறி ஒரு பையன் வாய் திறந்தால் ஊர் மானம் வந்து குறுக்கே நிற்கும். “ஆம்பளப் பயலுக்கு என்ன ஆயிடும்?” என்பார்கள். போக்சோவுக்கு ஆண் பிள்ளையும் பிள்ளைதான். பிறகு கமிட்டி கூடும், சமாதானம் பேசும். “வெளியே சொல்லிடாதீங்க லாத்தா, பையனோட எதிர்காலம்” என்று அவன் உம்மாவின் வாயைக் கட்டும். கோச் பக்கத்து ஊர் டீமுக்கு மாறிப் போவார், அங்கேயும் ஒரு சால்வை காத்திருக்கும்.

தெரிந்தும் புகார் தராமல் மறைத்தால் போக்சோ 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஓராண்டு வரை, அபராதமும் சேர்த்து. கமிட்டியார் அத்தனை பேரும் டோர்னமெண்ட் ஃப்ளெக்ஸில் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டு, பெயர், பதவி, கைபேசி எண்ணோடு நிற்கிறார்கள். போலீசுக்குத் தேடுகிற வேலையும் மிச்சம்.