ஒன்றரை இலட்சம் டொலரும் ஒரு பொல்லாத மனிசனும்

தருமர் நாட்டையும் தம்பிமாரையும் பெண்சாதியையும் சூதில் வைத்துத் தோற்ற கதையைத் திரௌபதை அம்மன் கோயிலில் வருஷாவருஷம் கேட்டு வளர்ந்த ஊர் பழுகாமம். ஆட்டமென்றால் பணயம் இருக்கும் என்பது எங்கட ஊரில் தீ மிதிக்கிற பொடியனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட படுவான்கரை ஊரில் நின்று, ஒன்றரை இலட்சம் டொலரை வேண்டாமென்ற டென்னிஸ்காரன் ராமநாதன் கிருஷ்ணனின் கதையைச் சொன்னால், "பைத்தியமா அந்த மனிசனுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மனிசன் பிறந்தது 1937இல், நாகர்கோவிலில். தகப்பன் டி. கே. ராமநாதன்தான் குரு. தகப்பனே குருவாக வாய்த்தால் பிள்ளைக்கு மைதானத்திலும் தப்ப வழியில்லை, வீட்டிலும் இல்லை. 1951இல் கல்லூரிக்காரருக்கான பேர்ட்ராம் போட்டியில் ஆட, பள்ளிக்கூடத்துப் பொடியனான இவருக்கு லயோலாக் கல்லூரி அதிபர் விசேஷ அனுமதி கொடுத்தார். சின்னவன் ஆசைக்கு ஆடட்டும் என்று பெரிய அண்ணன்மார் நினைத்திருப்பார்கள். சின்னவன் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு போனான்.

மறுகா 1954. பதினேழு வயதில் விம்பிள்டன் பையன்கள் பட்டம். ஆசியாவிலிருந்து போய் அதை வென்ற முதல் ஆள் இவர்தான். இறுதியாட்டத்தில் தோற்ற அவுஸ்திரேலியன் ஆஷ்லி கூப்பர், நாலு வருஷம் கழித்துப் பெரியவர்களின் விம்பிள்டனையே வென்றார்.

இவருடைய சேர்வைப் பற்றிச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மற்றவன் அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. இவர் போட்டால், அது வந்து சேர்வதற்குள் எதிராளி ஒருவாய் வெற்றிலை போட்டு முடிக்கலாம். அதைத் திருப்பியடித்த பிறகுதான் அவனுக்குக் கெட்டகாலம். வலப்பக்கம் ஓடினால் பந்து இடப்பக்கம் கிடக்கும், வலையடிக்கு வந்தால் தலைக்கு மேலால் போகும். 1961 கால் இறுதியில் ரோய் எமர்சன் இப்படி அலைந்து 6-1, 6-4, 6-4 என்று வீட்டுக்குப் போனார். 1960 அரையிறுதியில் நீல் ஃபிரேசரும், 1961 அரையிறுதியில் ரொட் லேவரும் கிருஷ்ணனை மறித்தார்கள். அந்தந்த வருஷக் கிண்ணம் அவர்களுக்கே போனது.

இனிக் காசுக்கு வருவோம். அந்தக் காலத்தில் விம்பிள்டன் துரைமாருக்குப் பந்தடித்துக் காசு வாங்கினவன் தீட்டு. செலவுக்கென்று மேசைக்குக் கீழால் கைமாறியது மட்டும் எப்படியோ சுத்தம்! ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் இந்தத் தீட்டுக்காரரையெல்லாம் சேர்த்து ஊரூராக ஆடவைத்துக் காசு பார்த்தார். 1959இல் அவர் கிருஷ்ணனுக்கு நீட்டியதுதான் அந்தத் தொகை, மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு. கையெழுத்து வைத்தால் விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கிண்ணமும் இல்லை. கிருஷ்ணன் மாட்டேன் என்றுவிட்டார். லேவர் 1962இல் நாலு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றுவிட்டுக் காசுப் பக்கம் போனார். ஐந்து விம்பிள்டன்களுக்கு அவருக்கு வாசல் பூட்டு. 1968இல் துரைமாருக்குப் புத்தி வந்து கதவைத் திறந்தார்கள், லேவர் உள்ளே வந்து அந்த வருஷக் கிண்ணத்தையும் எடுத்தார்.

கிருஷ்ணன் காசை எடுத்திருந்தால் 1966 டிசம்பர் கல்கத்தா நடந்திராது. டேவிஸ் கிண்ணம், எதிரே பிரேசில், இரண்டுக்கு இரண்டு என்று சமன், கடைசி ஆட்டம். தொமாஸ் கோக் இரண்டு செட் எடுத்து, நாலாவதிலும் 5-2 என்று முன்னுக்கு நின்றார். சனத்தில் பாதி செருப்பைத் தேடத் தொடங்கியிருக்கும். இருபத்தொன்பது வயதுக் கிருஷ்ணன் அவசரப்படாமல் அந்தச் செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிக்குப் போனது. மெல்பேர்னில் அவுஸ்திரேலியா 4-1 என்று அடித்து அனுப்பியது வேறு கதை. அந்த ஒன்றும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் எடுத்ததுதான்.

என்னைக் கேட்டால், பைத்தியம் பிடித்தது கிருஷ்ணனுக்கு அல்ல, அந்தச் சட்டத்துக்கு. 1979இல் மகன் ரமேஷ் அதே பையன்கள் பட்டத்தை வென்றார். அவர் காசு வாங்கித்தான் ஆடினார். ஒரு துரையும் முகம் சுளிக்கவில்லை.