கிராம்சாமி

எந்த மலையேற்றக் குழுவை எடுத்தாலும் அதில் ஒரு கிராம்சாமி இருப்பார். நமக்குச் சாமானின் விலை தெரியும். அவருக்கு எடை தெரியும். டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் குடிக்காமல், லேசாக ஏற்றி இறக்கிப் பார்க்கிறாரே, அவர்தான். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். பொட்டுத் தங்கத்தை அதில் வைத்ததில்லை.

"முதுகுப்பையைக் கனக்க வைப்பதே சமையல் சாமான்தான்" என்பது அவர் கட்சி. டைட்டானியம் பாத்திரம் வாங்கலாம். ஆனால் விலையைக் கொடுத்தால் பைக்கு முன்னால் பர்ஸ் லேசாகிவிடும். ஆகவே சொந்த வீட்டையே கடையாக வைத்துக்கொண்டார். டீ வடிகட்டிக்கு இப்போது கைப்பிடி கிடையாது. 9 கிராம் மிச்சம். இருமல் மருந்தோடு வந்த அளவு மூடி, ஸ்பிரிட் அளக்கப் போய்விட்டது. கார் கண்ணாடிக்கு வெயில் மறைப்பாக இருந்த வெள்ளித் தகடு வட்டமாக வெட்டுப்பட்டுப் பாத்திரத்துக்குச் சட்டையாகிவிட்டது. கொதி வந்ததும் இறக்கி அதற்குள் செருகிவிட்டால் நூடுல்ஸ் தன் சூட்டிலேயே வெந்துவிடும் என்கிறார். வேகத்தான் செய்கிறது. மத்தியானத்தில் காருக்குள் உட்கார்ந்தால் நாமும் வேகிறோம்.

அவருடைய கலையின் உச்சம் அடுப்பு. இரண்டு கூல்டிரிங்க்ஸ் டின்களின் அடிப்பாகத்தை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் துளை போடுவார். உள்ளே ஸ்பிரிட். பற்றவைத்ததும் நடுவில் மட்டும் மந்தமாக எரியும். டின் சூடேறி உள்ளே ஆவி கட்டியதும், துளைக்குத் துளை நீலச் சுடர் குபுக்கென்று கிளம்பும். கேஸ் அடுப்பு தோற்றது! மொத்த எடை 15 கிராம் சொச்சம். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அவருடைய இடது புருவம் பாதியாக இருப்பது அதனால்தான்.

அவருக்குக் குலதெய்வமும் உண்டு. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டி. 1955-இல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். கூடாரம் கிடையாது, தோளில் தானே தைத்த துணி மூட்டை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து கிராம்சாமியின் மனைவி குளியலறைப் பக்கம் ஒரு கண் வைத்திருக்கிறார்.

இவ்வளவு ஆயத்தத்துக்கும் ஒரே ஒரு இடைஞ்சல்: நம் காடுகளுக்குள் தீ மூட்ட வனத்துறை விடாது. ஆகவே அவருடைய மலைச் சமையல் முழுக்க மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நடக்கும். அங்கே போகப் படிக்கட்டு உண்டு; ஆனாலும் முதுகுப்பையோடுதான் ஏறுவார்.

வெள்ளியங்கிரிக்குப் போனபோதும் அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டார். அடிவாரத்தில் பையைச் சோதித்த காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆஷ் ட்ரேயா சார்?" என்றார். நாங்கள் சிரிப்பை அடக்குவதற்குள் அடுப்பு மேசைக்கடியில் போய்விட்டது.

ஆறாவது மலையில், ஆண்டி சுனை ஓரம், வெறுங்காலோடு வந்த பெரியவர் ஒருவர் மூங்கில் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மஞ்சப்பையைப் பிரித்தார். தேங்காய்த் தொட்டியில் இரண்டு கை அவல். அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெல்லத்தை நுணுக்கிப் போட்டுப் பிசைந்தார்.

கிராம்சாமி நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போய்விட்டார்.

"ஏனுங்கய்யா, அடுப்பெல்லாம் கொண்டாரலீங்களா?"

"அவலுக்கு எதுக்குங்க தம்பி அடுப்பு?"

தொட்டிதான் கிண்ணம், கைதான் கரண்டி. கிராம்சாமியின் கை தன்னால் சட்டைப்பைக்குள் போனது. தராசு வெளியே வந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பையை ஒருக்கா இதுல வெச்சுப் பாக்கலாமுங்களா?"

பெரியவர் தராசைப் பார்த்தார், பாதிப் புருவத்தைப் பார்த்தார்.

"இருங்க தம்பி, தின்னுபோட்டுத் தர்றேன். இன்னும் லேசா இருக்கும்."