மீனின் விரதம்

அருகருகே ஓடும் இரண்டு ஓடைகளில் ஒன்றின் டிரவுட் மீன்கள் மட்டும் கொழுத்திருப்பதேன்? மற்றவை விரதமா?

விரதம் மீனுக்கன்று, நிலத்துக்கு. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட் ஆறு, 'சாக்' எனப்படும் மென்மையான வெண்சுண்ணப் பாறைக்குள் ஊறிய மழைநீர், கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸில் ஊற்றெடுப்பதால் பிறப்பது. அந்நீரில் கரைந்த கால்சியத்தைக் கொண்டே நன்னீர்க் கூனிகள் ஓடு கட்டிப் பெருக, அவற்றைத் தின்று மீன் பருக்கிறது (வெற்றிலைக்கு மட்டுமா சுண்ணாம்பு?). அதே ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் ஓடைகளோ மணலும் களியுமான நிலத்தில் ஓடுவதால் அமிலத்தன்மை மிக்கவை, சத்துக் குறைந்தவை. மழைக்குப் பொங்கி வெயிலுக்கு வற்றுபவை. டெஸ்ட் ஆற்றின் புகழ்பெற்ற கரைகளில் தூண்டில் போட நாளொன்றுக்குச் சில நூறு பவுண்டுகள் கூடக் கட்டணம் உண்டு என்பதால், அங்கே விரதம் இருப்பவர் தூண்டில்காரர்தான்.