இன்றைக்கு என்ன குழம்பு? – ஓர் ஆய்வுரை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்தார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தமிழர்கள் ஏராளம். ஆனால் அந்த எட்டு விடையும் தம் வீட்டு அடுக்களை வாசலில் அன்றாடம் வழங்கிவருவதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆய்வுலகம் செய்யத் தவறிய அப்பணியை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

"கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கட்டுமா?" என்று சமைப்பவர் கேட்கிறார். "வேண்டாம்" என்பது மறைவிடை. "நீயே வச்சு நீயே சாப்பிடு" என்பது ஏவல். "நேத்தும் அதானே?" என்பது வினா எதிர் வினாதல். "போன தடவையே நாக்கு அரிச்சுது" என்றால் உற்றது உரைத்தல். "நாக்கு அரிக்கும்" என்றால் உறுவது கூறல். "சாம்பார்னா ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவேன்" என்பது இனமொழி. "அதோ, ஃபிரிட்ஜ்ல முந்தாநாள் குழம்பு இருக்கே" என்பதைச் சுட்டு விடையில் அடக்கலாம். "சரி, வை" என்னும் நேர்விடைக்கு எடுத்துக்காட்டு கிடைப்பதுதான் கடினம். பாடநூல்களில் உண்டு.

எட்டிலும் அடங்காத ஒன்பதாவது விடை ஒன்றும் உண்டு: "எதுவானாலும் சரி." பார்வைக்கு நேர்விடை போலிருக்கும் இது, உண்மையில் ஒத்திவைக்கப்பட்ட மறைவிடை. குழம்பு கொதித்து இறங்கி, தட்டில் விழுந்த பிறகே இதன் பொருள் வெளிப்படும்: "அய்யோ, இதுவா?" பவணந்தியார் துறவி. இந்த விடை அவர் காதில் விழ வாய்ப்பிருந்திராது.

சரி, வினா எவ்வகை? உண்போர் அனைவரும் இதை அறியாவினா என்றே கொள்கின்றனர்; ஏதோ சமைப்பவருக்குத் தகவல் தேவைப்படுவதுபோல. அது பிழை. இது ஏவல் வினா. "யாராவது ஒருவர் முடிவெடுத்துத் தொலையுங்கள்" என்பதே அதன் உட்பொருள். சமைக்க அலுத்துக்கொள்பவர் பெரும்பாலும் அடுப்பையோ அரிவாள்மணையையோ கண்டு அலுப்பதில்லை. முடிவெடுத்து முடிவெடுத்தே அலுக்கிறார். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் உண்போர். அடம்பிடிக்கும் நாக்கைக் கொழுப்பு என்று ஒதுக்கிவிடுவது அறிவியலுக்கு ஒவ்வாது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பினைல்தயோகார்பமைடு என்னும் தூளைப் புட்டியில் கொட்டும்போது கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்ற சக ஆய்வாளர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரும் வாதாடிக்கொண்டு, வேறு சிலர் நாக்கிலும் வைத்துப் பார்த்தனர். சிலருக்குக் கடும் கசப்பு. சிலருக்கு வெறும் தூள். இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பின்னர் தெரிந்தது. 2003இல் அதற்கான மரபணுவே அடையாளம் காணப்பட்டது. முட்டைக்கோஸ் வகைக் காய்களின் கசப்பும் இதே மரபணுவோடு தொடர்புடையது. ஆகவே ஒரே பந்தியில் அருகருகே உட்கார்ந்து ஒரே கோஸ் பொரியலைத் தின்னும் அண்ணனும் தங்கையும் உண்மையில் இரண்டு வேறு பொரியல்களைத் தின்னக்கூடும். பாகற்காயின் கசப்பு வேறு பொருள்களால் வருவது. அதை மறுப்போர் இந்தச் சான்றிதழை நீட்டித் தப்ப முடியாது.

குழந்தைகள் கதை வேறு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, முன்பின் பார்க்காத உணவைக் கண்டால் அஞ்சுவது குழந்தையின் இயல்பு என்கின்றனர் உளவியலாளர்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையும் வாயில் போடாமல் காக்க இயற்கை வைத்த காவல் அது என்பது ஒரு விளக்கம். லியேன் பர்ச் போன்றோரின் ஆய்வுகளின்படி, வற்புறுத்தாமல் திரும்பத் திரும்பக் கொஞ்சமாய்ச் சுவைக்கக் கொடுத்தால் வெறுப்பு விருப்பாக மாறும். எட்டிலிருந்து பதினைந்து முறை வரை ஆகலாம். அம்மாக்கள் மூன்றாம் முறையிலேயே அந்தப் பீர்க்கங்காயைத் தாங்களே தின்று தீர்த்துவிடுகின்றனர். அறுபது வயதிலும் கறிவேப்பிலையைத் தட்டோரம் வரிசையாக அடுக்கும் பெரியவர்களுக்கு எத்தனை முறை தேவை என்பதை எந்த ஆய்வும் சொல்லவில்லை.

அப்படியானால் அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாமே என்பார் உண்டு. 1920களில் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் அதையும் செய்துபார்த்தார். பால் மறந்த குழந்தைகளின் முன் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து எடுத்துப் பரப்பி, எதை வேண்டுமானாலும் தின்னட்டும் என்று விட்டார். செவிலியர் ஊட்டிவிடவோ, "இதைத் தின்னு கண்ணு" என்று கொஞ்சவோ கூடாது. பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தன. எலும்பு நோயோடு வந்த ஒரு பிள்ளை மீன் எண்ணெயைத் தானாகவே விரும்பிக் குடித்து, நோய் தீர்ந்ததும் விட்டுவிட்டது. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையின் விருப்பத்துக்கு நூடுல்ஸ் போடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: டேவிஸின் பட்டியலில் சர்க்கரையோ இனிப்புப் பண்டமோ இல்லை. சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். பட்டியலை எழுதுவது யார்? மறுபடியும் அதே அம்மா.

வாக்கெடுப்பு நடத்தினால் என்ன? ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு முதலில் சாம்பார், அடுத்து வத்தக்குழம்பு, கடைசியாக மோர்க்குழம்பு. மகனுக்கு வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, சாம்பார். பேத்திக்கு மோர்க்குழம்பு, சாம்பார், வத்தக்குழம்பு. சாம்பாரா வத்தக்குழம்பா என்றால் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து சாம்பாரை வெல்ல வைக்கின்றனர். வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்றால் தாத்தாவும் மகனும் வத்தக்குழம்பு. அப்படியானால் சாம்பார் மோர்க்குழம்பைச் சுலபமாக வெல்ல வேண்டுமே? இல்லை, மகனும் பேத்தியும் கூட்டணி வைத்து மோர்க்குழம்பைத் தூக்கிவிடுகின்றனர். எதை வைத்தாலும் அதைவிட இன்னொன்றே மேல் என்று சொல்ல வீட்டில் பெரும்பான்மை தயாராக இருக்கும். மருமகளின் முதல் விருப்பம் ஓட்டல் என்பதால் அவர் வாக்கு செல்லாது.

பெரும்பான்மை இப்படி வட்டமடிப்பதைப் பிரான்சின் கணிதவியலாளர் கொண்டோர்செ 1785லேயே எழுதிவைத்தார். சமையலறைப் பழக்கம் அவருக்குக் கிடையாது என்பதற்கும் சான்று சொல்கிறார்கள். புரட்சிக் காலத்தில், 1794இல், தலைமறைவாக அலைந்தவர் ஒரு சத்திரத்தில் நுழைந்து ஆம்லெட் கேட்டாராம். எத்தனை முட்டை என்றதற்குப் பன்னிரண்டு என்றாராம். அடுப்படியை எட்டிப் பார்த்திராத பிரபு இவர் என்று அங்கேயே தெரிந்து பிடிபட்டதாக ஒரு கதை வழங்குகிறது. முட்டைக் கணக்கு எப்படியோ, அவர் சிறையில் இறந்தது உண்மை.

1951இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. அளவும் பக்குவமும் சொல்லி, தனிக்குடித்தனம் போன எத்தனையோ பெண்களைக் கரையேற்றிய நூல். மற்றொன்று பொருளியலாளர் கென்னத் ஆரோவின் ஆய்வு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கும்போது, பலரின் விருப்ப வரிசைகளை நியாயமாகக் கூட்டி ஒரே வரிசையாக்கும் முறை கிடையாது, ஒருவரைச் சர்வாதிகாரி ஆக்கினாலொழிய, என்று அவர் நிறுவினார். 1972இல் நோபல் பரிசும் பெற்றார். எப்படிச் சமைப்பது என்பதை அம்மையார் தீர்த்துவைத்த அதே ஆண்டில், எதைச் சமைப்பது என்பதைக் கூடிப் பேசித் தீர்க்க முடியாது என்று ஆரோ கைவிரித்துவிட்டார்.

கணினியை நம்பியவர் கதை இன்னும் சுவையானது. 1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர், ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒன்பது வகைச் சத்துகளை 77 உணவுகளிலிருந்து மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று கணக்குப் போட்டார். விடை: கோதுமை மாவு, வற்றவைத்த பால், கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ். 1939ஆம் ஆண்டு விலையில் வருடத்துக்கு 39 டாலர் 93 சென்ட். இதைச் சாப்பிடச் சொல்லி எவருக்கும் அவர் பரிந்துரைக்கவில்லை. 1947இல் ஜார்ஜ் டான்சிக் கண்டுபிடித்த புதிய கணித முறையைச் சோதிக்க இதே கணக்கை எடுத்தனர். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 120 ஆள்நாள் உழைத்து, 39 டாலர் 69 சென்டில் முடித்தனர். மிச்சம் 24 சென்ட்.

பிறகு டான்சிக்குக்கே உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். அவர் அப்போது ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். கணினியிடம் கேட்டே சாப்பிடுவதென்று முடிவு செய்து, அது சொல்வதை அப்படியே சமைத்துப்போடும்படி மனைவி ஆனிடம் ஏற்பாடு செய்துகொண்டார். முதல் நாள் கணினி சொன்ன பட்டியலில் 500 காலன் வினிகர் இருந்தது. வினிகர் உணவே அல்ல என்று அதை நீக்கினார். அடுத்த நாள் நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள். நாலைந்தைக் கரைத்துக் குடிக்கப் பார்த்தால் உப்பு தாங்கவில்லை. அதற்கும் உச்சவரம்பு வைத்தார். அப்புறம் தவிடு. தவிட்டுக்கு வரம்பு வைத்தால் வெல்லப்பாகு. கடைசியில் ஆன் தாமே பட்டியல் போட்டார். கணவருக்கு 22 பவுண்டு குறைந்தது. இந்த முடிவை எதிர்பார்க்க எந்த மாமியாருக்கும் கணினி தேவைப்பட்டிருக்காது.

தமிழ் அடுக்களை இந்தச் சிக்கலுக்கு இரண்டு தீர்வுகளை நெடுநாளாக வைத்திருக்கிறது. ஒன்று பஞ்சாங்கம். செவ்வாய், வெள்ளி, சனி பல வீடுகளில் கவிச்சி இல்லை. புரட்டாசி வந்தால் மாதம் முழுக்க இல்லை. அமாவாசைக்கு வெங்காயம், பூண்டு கூடாது, வாழைக்காய் உண்டு. துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றைத் தடைகள் என்பார். சமைப்பவரைக் கேட்டால் வரம் என்பார். அமாவாசையன்று என்ன காய் என்று எவரும் கேட்பதில்லை. பிடிக்காதவரும் பித்ருக்களோடு சண்டைக்குப் போவதில்லை. வரம்பு கூடக்கூட விடை தேறிவருவதை டான்சிக் கஷ்டப்பட்டுக் கண்டுகொண்டார். நம் பாட்டிகள் நாட்காட்டியைக் கிழித்தே தெரிந்துகொண்டனர்.

இரண்டாவது மாவு. அரைத்த முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் நன்றாகப் புளித்ததும் ஊத்தப்பமோ பணியாரமோ. மாவிலுள்ள நுண்ணுயிர்களே நிகழ்ச்சி நிரலை எழுதிவிடுகின்றன. மனிதர் யோசிக்க வேண்டியதில்லை. மாவும் தீர்ந்து, கருத்தொற்றுமையும் வராத இரவில் உப்புமா வரும். அதைக் கேட்டவர் எவருமில்லை. ஆளுக்கொன்றாக மற்றவற்றை மறுத்ததால் மிஞ்சியது அது. உப்புமாவைத் திட்டுவோர் முதலில் தம் மறைவிடைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்த முடிவெடுக்கும் வேலைக்குக் கணக்கு இல்லாததுதான் பெருங்குறை. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். துணி காயப்போட்டுக்கொண்டே நாளைய குழம்பை யோசிப்பவரின் நிமிடங்களை எந்தக் கடிகாரத்தாலும் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே இக்கட்டுரையின் பரிந்துரை ஜெர்மனியிலிருந்து வருகிறது. 1949இல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 67ஆவது பிரிவு, பிரதமருக்கு நிகரான சான்சலரைச் சும்மா கவிழ்க்க விடுவதில்லை. அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மையும் காட்டினால்தான் இருப்பவர் இறங்குவார். 1972இல் ஒருமுறை முயன்று தோற்றனர். 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றினர். இத்தனை ஆண்டுகளில் இது வென்றது அந்த ஒரே முறைதான்.

இதே விதியை அடுக்களைக்கும் கொண்டுவரலாம். குழம்பு வேண்டாம் என்பவர் மாற்றுக் குழம்பின் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் பாதிப் பேருக்கு மேல் அதற்கு ஆதரவு திரட்ட வேண்டும். காலை ஏழு மணிக்குள் அதற்கான சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட வேண்டும். "எதுவானாலும் சரி" என்றவருக்கு வாக்கு கிடையாது, தட்டில் மிச்சம் வைக்கும் உரிமையும் கிடையாது. வாசகர்கள் இந்த விதியை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம். ஒட்டும் வேலையையாவது, சமைக்காதவர் யாராவது செய்யட்டும்.