வழியனுப்பும் கலை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மூரில் கணக்கு வைத்திருக்கிறோம். என்ன கஞ்சத்தனம்! நியூயார்க் மாநகராட்சி, அடைக்கலம் தேடி வந்தவர்களில் தனி ஆளுக்கு 30 நாள், பிள்ளைகுட்டிக்காரருக்கு 60 நாள் என்று கெடு வைத்துத் தங்க இடம் கொடுத்தது. இந்தப் பெருந்தன்மையை யாராவது பாட வேண்டாமா?

அடைக்கல நகரம் என்ற பட்டம் அந்த ஊருக்குச் சும்மா வரவில்லை. கூரை இல்லாமல் வந்து நிற்பவருக்குப் படுக்கை தருவோம் என்று 1981-லேயே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட ஊர் அது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருபவரிடம் குடியேற்றக் காகிதம் இல்லை என்று தெரிந்தாலும், மாநகராட்சி ஊழியர் மத்திய அரசுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று 1989-ல் மேயர் எட் காச் உத்தரவு போட்டார். தொலைவில் இருக்கும் உறவினரை 'எப்ப வேணும்னாலும் வாங்க' என்று அழைப்பதில்தான் எத்தனை சுகம்!

2022 ஆகஸ்டில் உறவினர் வந்தேவிட்டார். டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட், எல்லை தாண்டி வந்த வெனிசுவேலாக்காரர்களைக் காசு வாங்காமல் பேருந்தில் ஏற்றி அனுப்பினார். நியூயார்க் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை நம்பிய பக்தர் அவர் ஒருவர்தான். விளக்கேந்திய சுதந்திர தேவியோ விருந்தாளி கப்பலில்தான் வருவான் என்று கடலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவன் முதுகுப்பக்கமாகச் சுரங்கப்பாதை வழியே நுழைந்தான். தப்பு அவனுடையது.

மேயர் எரிக் ஆடம்ஸ் பேருந்து நிலையத்துக்கே போய் வரவேற்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், இந்த விவகாரம் நியூயார்க்கையே அழித்துவிடும் என்றார். ஒரே வாயால் இரண்டையும் சொல்ல எத்தனை பயிற்சி வேண்டும்! நடுவில் எல்லைப்புறத்தில் துண்டுப்பிரசுரமும் கொடுத்தார்கள்: இங்கே வாடகை அதிகம், இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை, வேறு ஊரை யோசியுங்கள். வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு, தெருமுனையிலேயே ஆளை நிறுத்தி 'இன்னிக்கு வீட்டில் சமைக்கலை' என்று சொல்லும் நாகரிகம் எல்லோருக்கும் கைவராது. அந்தக் கோடையில், வந்தவர்களை வரவேற்கும் மையமாக்கியிருந்த ரூஸ்வெல்ட் ஹோட்டல் வாசலில் நடைபாதையிலேயே சிலர் படுத்துறங்கினார்கள். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

கணக்கிலும் மாநகராட்சி புலி. அடைக்கல மனு கொடுத்தவருக்கு வேலை அனுமதி கிடைக்க மத்தியச் சட்டப்படி 180 நாள். கூரை 30 நாள். மிச்சம் 150 நாளும் காற்றைக் குடித்து வாழும் யோகம், கேட்காமலேயே கிடைத்த வரம்.

இத்தனை நேர்த்திக்கு நடுவே சில தன்னார்வலர்கள்தான் ஊர் மானத்தை வாங்கினார்கள். விடிவதற்கு முன் பேருந்து நிலையத்துக்கு வந்து செருப்பும் கோட்டும் சூடான சாப்பாடும் கொடுத்தார்கள். கெடு எத்தனை நாள் என்று கேட்கக்கூடத் தெரியாத ஜனங்கள். எந்தக் கொள்கையும் படித்ததாகத் தெரியவில்லை.

மகுடம் வைத்த காரியம் ஒன்று பாக்கி. கெடு முடிந்தவர்களுக்காக 2023 அக்டோபரில், ஈஸ்ட் வில்லேஜில் மூடிக்கிடந்த செயின்ட் பிரிஜிட் பள்ளியில் மாநகராட்சி ஒரு கவுன்ட்டர் திறந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒருவழிச் சீட்டு, இலவசம். மறுபடி படுக்கை வேண்டுமா? குளிரில் வரிசையில் நில். இந்தத் தருமம் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜனவரியில், டெக்சாஸிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த 17 பேருந்து நிறுவனங்கள்மீது 70 கோடியே 80 லட்சம் டாலர் கேட்டு மாநகராட்சி வழக்குத் தொடுத்தது. ஏழைகளை ஒருவழியாக ஏற்றி அனுப்புவது அக்கிரமம் இல்லையா?

அபட் தந்ததும் ஒருவழிச் சீட்டு, இவர்கள் தந்ததும் ஒருவழிச் சீட்டு என்று இரண்டையும் ஒன்றாகப் பேசுவது அநியாயம். அபட்டின் பேருந்துகள் சொற்ப ஊர்களுக்குத்தான் போயின. இங்கே எந்த ஊரை வேண்டுமானாலும் கேட்கலாம், நியூயார்க்கைத் தவிர.