வாடகை மண்ணில் வாழை: கொட்டச்சேட்டுக் குடியிருப்பை முன்வைத்து ஒரு முன்னாய்வு

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அவன் ஈகையைப் பற்றியும் இயற்கை நேயத்தைப் பற்றியும் தமிழில் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அந்த முல்லை படர்ந்த மண் பாரிக்கே சொந்தம் என்பதை மட்டும் ஆய்வுலகம் கவனிக்கத் தவறிவிட்டது. சொந்த மலையில் எவனும் தேரை நிறுத்திவிட்டு நடந்து போகலாம். அடுத்தவர் மலையில் முன்பணம் கொடுத்துக் குடியேறியவன், ஒரு கொடிக்குக் கொம்பு ஊன்ற வேண்டுமானாலும் வீட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பை வேறு வழியின்றி இவ்வாய்வாளன் ஏற்றுக்கொண்டான்.

ஆய்வுக்களம் கொட்டச்சேடு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஒரு சாலை உண்டு என்பது சுற்றுலா வருகிற எல்லோருக்கும் தெரியும். மழையில் அதில் மண் சரிந்தால் மட்டுமே பலருக்கு நினைவு வருகிற இன்னொரு சாலை குப்பனூர் வழி. அந்த வழியில் இருக்கிறது கொட்டச்சேடு. தேக்குக் காட்டைப் பார்க்க வருவோர் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவ்வாய்வாளன் கிளம்பவில்லை. முன்பக்கம் ஆறு சென்ட் காலி இடம் உள்ள ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. இடத்தில் அப்போது இருந்த பயிர்கள் பார்த்தீனியம், உண்ணிச்செடி, உடைந்த பாட்டில். இந்த மூன்றாவது பயிர் பின்னர் சட்டப் பகுதியில் முக்கியத்துவம் பெறும்.

‘வெளிநாட்டில் வெப்பமண்டலத் தோட்டம்’ என்பது ஆய்வின் முதல் தலைப்பு. நெறியாளர் (இவ்வாய்வாளனின் துணைவியார்) இரண்டு சொற்களுக்கும் ஆட்சேபம் தெரிவித்தார். சேலத்திலிருந்து ஏற்காடு வெளிநாடா? மனிதனுக்கு இல்லை. ஆனால் செடி கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, குளிரைத்தான் பார்க்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஏறத்தாழ 1,500. சேலம் அம்மாபேட்டைக் கொல்லையில் பிறந்த முருங்கைப் போத்து ஒன்று, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டு டிகிரியை இழக்கிறது. டொரண்டோவுக்குப் போன என் மைத்துனர்கூட விமான நிலையத்திலேயே கோட்டு மாட்டிக்கொண்டார். முருங்கைக்கு அந்த வசதியும் இல்லை.

‘வெப்பமண்டலம்’ என்பதில் வேறு சிக்கல். கடகரேகை 23½ டிகிரியில் ஓடுகிறது. சேர்வராயன் மலை 12 டிகிரிக்கும் தெற்கே உள்ளது. ஆகவே கொட்டச்சேட்டில் எதை நட்டாலும் அது வெப்பமண்டலத் தோட்டமே, முட்டைக்கோசு உட்பட. இலக்கணப்படி இது தற்குறிப்பேற்றமா, தற்பெருமையா என்று நெறியாளர் கேட்டார். தலைப்பு மாற்றப்பட்டது.

அடுத்தது காலம். எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இதில்தான் என்பது என் துணிபு. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும். ஆடியில் வீடு மாறக்கூடாது. ஒரே மாதத்தைப் பயிர்நூல் வா என்கிறது, பஞ்சாங்கம் வராதே என்கிறது. சொந்த வீட்டுக்காரனுக்கு இந்த முரண் தெரியவே தெரியாது. ஏனெனில் அவன் எங்கும் போவதில்லை. நாங்கள் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: ஆடியில் செடிகள் குடியேறின, ஆவணியில் மனிதர்கள். ஒரு மாதம் முழுக்க ஆளில்லாத வீட்டின் முன்னே கறிவேப்பிலை, முருங்கை, வாழை, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று ஒரு குடும்பம் பெயிண்ட் வாளிகளிலும் எண்ணெய் டின்களிலும் காத்திருந்தது. பக்கத்து எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், “வூட்டுக்காரங்க எப்ப வருவாங்க?” என்று செம்பருத்தியிடமே கேட்டுப் போனதாகப் பின்னர் அறிந்தேன்.

ஒப்பந்தம் 11 மாதம். ஏன் 11 என்று தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கும் யாரும் கேட்பதில்லை. சஷ்டிக்கு ஆறு, ஏகாதசிக்குப் பதினொன்று என்பதுபோல ஏதோ ஒரு கணக்கு என்று விட்டுவிடுகிறோம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவுசெய்யச் சொல்கிறது. அதற்குச் செலவுண்டு. அதனால் 11. ஆவணியிலிருந்து எண்ணிப் பாருங்கள்: ஆனியோடு முடிகிறது. அதாவது அடுத்த ஆடிப்பட்டம் பிறப்பதற்குச் சரியாக முதல் நாள் குடியிருப்பவன் வெளியேற வேண்டும். பதிவுச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரருக்கு ஆடிப்பட்டம் தெரிந்திருக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்த 11 மாத அளவுகோலை வைத்துத் தாவரங்களைப் பகுத்தால் லின்னேயஸ் காணாத ஒரு முறை கிடைக்கிறது. சௌசௌ நட்ட மூன்று நான்கு மாதத்தில் காய்க்கும். எனவே அது குடியிருப்போர் குடும்பம். காப்பி முதல் பழத்துக்கு மூன்று நான்கு ஆண்டு கேட்கும், பலா அதற்கும் மேல், தென்னையைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவை வீட்டுக்காரர் குடும்பம். இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கம் சேர்வதென்று முடிவெடுக்காமல் நிற்பது வாழை. சமவெளியில் சில ரகங்கள் 11, 12 மாதத்தில் தார் தந்துவிடும். மலையில் குளிர் அதைத் தாமதப்படுத்தும். கூடுதலாகப் பிடிக்கும் அந்தச் சில மாதங்களில்தான் இக்கட்டுரையின் சோகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்காரர் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: மரம் எதுவும் நடக்கூடாது. ஆய்வாளன் மகிழ்ந்தான். காரணம், மரம் என்றால் என்ன என்பதற்குத் தமிழில் சட்டபூர்வமான வரையறை ஏற்கெனவே உண்டு. வெளிப்புறம் வைரமானது புல், உட்புறம் வைரமானது மரம் என்று தொல்காப்பிய மரபியல் தெளிவாகப் பிரித்திருக்கிறது. அதன்படி தென்னை, பனை, மூங்கில் மூன்றும் புல். வாழைக்கு வெளியிலும் வைரம் இல்லை, உள்ளேயும் இல்லை. இன்றைய தாவரவியலும் அதை மரமென ஒப்புவதில்லை, மாபெரும் பூண்டு என்கிறது. இத்தனையையும் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவரு எந்த ஆபீசுங்க சார்?” என்றார்.

“யாருங்க?”

“இப்பச் சொன்னீங்களே, தொல்காப்பியரு.”

பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். “வாழ வெச்சுக்கங்க, பரவால்ல. செப்டிக் டேங்குப் பக்கம் வேரு எறங்காம இருந்தாச் சரி.” தொல்காப்பியருக்கும் செப்டிக் டேங்குக்கும் ஒரே வகைப்பாடு என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

தொல்காப்பியரை இன்னொரு இடத்திலும் நம்பினேன். குறிஞ்சி நிலத்தில் மருத நிலத்துப் பயிரைக் கொண்டுவந்து நடுவது திணைமயக்கம் ஆகாதா? ஆகாது. ஒரு நிலத்துப் பூவோ பறவையோ வேறு நிலத்துக்கு வந்தால், வந்த நிலத்தின் இயல்பையே பெறும் என்று அகத்திணையியல் விதி வகுத்திருக்கிறது. உலகின் முதல் குடியேற்றச் சட்டம் இதுவே என்பேன். இன்றைய நாடுகள் இவ்வளவு தாராளமாக இல்லை. பச்சைக் கறிவேப்பிலையைப் பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இறங்கினால் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இலை அது, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் தங்கும். குப்பனூர்ச் சாலையில் என் கறிவேப்பிலையை ஒருவரும் சோதிக்கவில்லை. வந்த நிலத்தின் இயல்பை அது மிகச் சரியாகப் பெற்றது: ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்க வந்தவர்போல ஆறு மாதம் ஒரு கொழுந்தும் விடாமல் உட்கார்ந்திருந்தது. முருங்கை இலை விட்டது, காய் விடவில்லை. மல்லிகையைப் பற்றி எழுத நெறியாளர் அனுமதிக்கவில்லை.

மண்ணின் மைந்தர்கள் மட்டுமே இங்கு தழைக்கும் போலும் என்று ஐயுற்று, எங்கள் தெருவின் வாசல்களைக் கணக்கெடுத்தேன். டாலியா, மெக்சிகோ. கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியா, மெக்சிகோ. பந்தலில் தொங்கும் சௌசௌ, அதுவும் அந்தப் பக்கம்தான். கொய்யா, பப்பாளி, வேலியோர உண்ணிச்செடி எல்லாம் வெப்பமண்டல அமெரிக்கா. போகன்வில்லா பிரேசிலில் இருந்து வந்தது. 1767இல் பூகன்வில்லின் கப்பலில் போன கொம்மர்சன் என்ற தாவரவியலர் அதை ரியோவில் சேகரித்துத் தம் தலைவரின் பெயரை வைத்துவிட்டார். எஸ்டேட்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. காப்பி எத்தியோப்பியாவில் பிறந்து ஏமன் வழியாக வந்தது. ஜப்பானிய ஹைட்ராஞ்சியா இங்கே நீலமாகப் பூக்கிறது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கிடைத்தால் அந்தச் செடி நீலம், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு. இந்த மலை பாக்சைட் மலை, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போன காலம் உண்டு. வந்த நிலத்தின் இயல்பைப் பூ பெறும் என்ற விதிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உள்ளூர்க்காரர் என்று சொல்லத்தக்கவை பலாவும் மிளகும். அவையும் மேற்குத் தொடர்ச்சி மலை உறவினர். இந்த மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு: வெர்னோனியா செவராயென்சிஸ். அதைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963 முதல் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போக வேண்டும். மண்ணின் மைந்தனுக்கு அரசுக் குடியிருப்பு, மெக்சிகோக்காரருக்கு வாசல்தோறும் இடம்.

வாடகை மண்ணில் நடும் இத்துறையின் மூலவர் யார் என்பதும் இந்தக் கணக்கெடுப்பால் விளங்கிவிட்டது. 1792இல் சேலம், பாராமகால் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி திப்பு சுல்தானிடமிருந்து முன்பணம் ஏதுமின்றி எடுத்துக்கொண்டது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியையும் பேரி, ஆப்பிள் போன்ற சீமைப் பழங்களையும் கொண்டுவந்தார். ஆட்சியர் பதவி என்பது எந்த நேரமும் மாற்றல் வரக்கூடிய பதவி. அதாவது அவரும் வாடகைக்கு இருந்தவரே. பலன் வரும்வரை இருப்போமா என்று கணக்குப் பார்க்காமல் காப்பி நட்ட முதல் குடியிருப்போர் அவர். அவருக்கு வசதியாக, அவருடைய வீட்டுக்காரர் லண்டனில் இருந்தார்.

ஆய்வு மதிப்பீட்டாளர்களின் பார்வைக்குச் சென்றது. முதல் மதிப்பீட்டாளர் குரங்கு. செம்பருத்தி மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து, ஏற்கத்தக்கதல்ல என்று கீழே போட்டார். இரண்டாம் மதிப்பீட்டாளர் காட்டெருமை. ஒரு மார்கழி விடியலில், மூடுபனிக்குள் ஒரு கரும்பாறை நகர்வதுபோல வந்து, சௌசௌப் பந்தலைக் கொம்பால் தூக்கிப் பார்த்தார். மறுப்புரை எழுதும் உரிமை ஆய்வாளனுக்கு உண்டு என்றாலும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுமாறு நெறியாளர் அறிவுறுத்தினார். வாழையை மட்டும் இருவரும் ஏனோ விட்டுவைத்தார்கள்.

ஆனி மாதம் வாழை தார் தள்ளியது. அதே வாரம் வீட்டுக்காரரும் வந்தார். “அடுத்த மாசம் எங்க அக்கா மவன் வர்றாப்லங்க சார்” என்றார்.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தைத் திறந்தேன். 108ஆம் பிரிவின் (எச்) கூறு, குடியிருப்பவன் தான் மண்ணில் ஊன்றியதை எல்லாம் காலி செய்வதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரே நிபந்தனை, இடத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். அதாவது பார்த்தீனியத்தையும் பாட்டிலையும் மீண்டும் நட வேண்டும். (ஐ) கூறு இன்னும் கனிவானது: குத்தகை முடிந்தாலும் விளைந்துநிற்கும் பயிர் குடியிருந்தவனுக்கே, வந்து அறுத்துப்போக வழியும் விட வேண்டும். கண்ணில் நீர் தளும்ப இரண்டாம் முறை படித்தபோதுதான் தெரிந்தது, அது காலம் வரையறுக்கப்படாத குத்தகைக்கு மட்டும். என்னுடையதோ 11 மாதம் என்று திட்டவட்டமாக எழுதிய ஒப்பந்தம். என் வாழ்க்கையில் உறுதியாக இருந்த ஒரே விஷயம் அதுதான். அதுவும் எனக்கு எதிராக இருந்தது.

வாளிகளில் ஏறக்கூடியவை ஏறின. கறிவேப்பிலை ஒன்பது இலைகளோடு சேலம் திரும்பி, இறங்கிய மறுவாரமே தளிர்விட்டது. வீட்டின் முன்னே இப்போது ஒரு பலகை தொங்குகிறது. அக்கா மகன் வரவில்லைபோலும். ‘தோட்டத்துடன் கூடிய வீடு வாடகைக்கு’ என்று எழுதி, வாடகையில் 1,500 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள். அந்த 1,500 ரூபாய்க்கு உரிய தோட்டம் யாருடையது என்பது அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.

அங்கே குடிவரப்போகிறவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். மேற்கு மூலையில் நிற்கும் வாழைக்கு ஐப்பசிக் காற்றுக்கு முன் ஒரு முட்டுக் கொடுங்கள், தார் கனம் தாங்காது. முற்றியதும் வெட்டி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழிப் பேருந்தில் ஒரு சீப்பு மட்டும் கொடுத்தனுப்பினால் போதும்.